எல்லோரும் இழுத்தும் நகராத தேர்

2021 ஜூன் 12. கோபன்ஹேகன் நகரின் பார்க்கன் அரங்கம். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்தில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடிய இன்னும் சில நிமிடங்கள். எல்லைக்கோட்டிலிருந்து எறியப்பட்ட பந்தை வாங்கப் போன கிறிஸ்டியன் எரிக்சன், இரண்டு அடி எடுத்து வைத்தவர், அப்படியே குப்புற விழுந்தார். யாரும் அவரை இடிக்கவில்லை. கால் தடுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான். அவர் ஊன்றவில்லை. தரையைத் தொடுவதற்கு முன்பே நினைவு போய்விட்டது என்று அர்த்தம்.

சக வீரர்கள் அவரைச் சுற்றி வளையமாக நின்று கேமராக்களை மறைத்தார்கள். உள்ளே மருத்துவர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை மின் அதிர்ச்சி கொடுத்ததும் உயிர் திரும்பியது. அப்போது அவருக்கு வயது 29.

எட்டரை மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 26 அன்று, அதே மனிதர் இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு அணியின் சட்டையோடு மைதானத்தில் இறங்கினார். இப்போது அவர் உடலுக்குள் ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியோடு ஆடக்கூடாது என்று இத்தாலி சொல்லிவிட்டதால்தான், மிலான் நகரின் இன்டர் அணியை விட்டு அவர் அங்கே வரவேண்டியிருந்தது. ஒரே இதயம், ஒரே கருவி. ஒரு நாடு ஆடாதே என்கிறது. இன்னொரு நாடு ஆடலாம் என்கிறது. இதில் எது மருத்துவம், எது பயம், எது துணிச்சல்?

அதற்குப் போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். நெஞ்சு சம்பந்தமாக யார் திடீரென்று சாய்ந்தாலும் 'மாரடைப்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. வலிக்கும், வியர்க்கும், பல நேரம் ஆள் பேசிக்கொண்டேதான் மருத்துவமனைக்குப் போவார். எரிக்சனுக்கு நேர்ந்தது கார்டியாக் அரெஸ்ட். ரத்தத்தை வெளியே தள்ளும் வேலையை இதயம் சட்டென்று விட்டுவிடுவது அது. மாரடைப்பு முற்றி அங்கே கொண்டுபோய் விடலாம். ஆனால் அடைப்பே இல்லாத இளம் இதயத்திலும் அது நடக்கும்.

தேர் வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடத்தில் நூற்றுக்கணக்கானோர் கை வைத்திருப்பார்கள். ஒருவர் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் அசையும். ஆளாளுக்குத் தோன்றியபோது இழுத்தால் கை சிவக்கும், வியர்வை கொட்டும், தேர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதயத்தில் குரல் கொடுப்பது வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு என்ற சின்னஞ்சிறு திசு. அது மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை, தானே மின்துடிப்பை உண்டாக்கும். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்திய இதயம், நரம்புத் தொடர்பெல்லாம் அறுந்த நிலையிலும் துடிப்பது இதனால்தான். அந்த மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி தங்கும். கீழறைகள் ரத்தத்தால் நிரம்புவதற்கான அவகாசம் அது. பிறகு கம்பிபோல் ஓடும் இழைகள் வழியே கீழறைத் தசை முழுவதற்கும் ஒரே வீச்சில் போய்ச் சேரும். நிமிடத்துக்கு 70 என்று வைத்தால்கூட, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறை இந்தக் குரல் எழுகிறது.

கீழறைத் தசையில் எங்கோ ஒரு தழும்பு, அல்லது சோடியம், பொட்டாசியம் போய்வரும் வாயில்களில் பிறவிக் கோளாறு. அங்கே மின்னோட்டம் வழிதவறிச் சுழல ஆரம்பித்தால், ஒவ்வொரு தசை இழையும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயம் ஓய்ந்திருக்காது. புழுக்கள் நெளிவதுபோல் துடித்துக்கொண்டுதான் இருக்கும். எல்லோரும் இழுத்தும் நகராத தேர். மூளைக்கு ரத்தம் போகாமல் சில நொடிகளில் நினைவு தப்பும். எரிக்சனுக்கு இது ஏன் வந்தது என்பது பொதுவெளிக்குச் சொல்லப்படவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. மின் அதிர்ச்சி பலித்ததை வைத்து, இந்த வகைக் குழப்பம்தான் என்று கொள்ளலாம்.

மின் அதிர்ச்சி, நின்ற இதயத்தைத் தட்டி எழுப்புவதாகச் சினிமாவில் காட்டுகிறார்கள். நேர்க்கோடு ஓடிக்கொண்டிருக்கும், 'டமார்' என்று ஒரு அதிர்ச்சி, கதாநாயகன் கண் திறப்பான். உண்மை இதற்குத் தலைகீழ். நேர்க்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதே இல்லை. குழப்பத்துக்குத்தான் கொடுப்பார்கள். வடம் பிடித்திருக்கும் அத்தனை பேரையும் ஒரே நொடியில் கையெடுக்க வைத்துவிடும். அந்த அமைதியில், அதுவரை அமுங்கிப்போயிருந்த பழைய குரல் மறுபடி கேட்கும், தேர் நகரும்.

இந்த அதிர்ச்சியை உடலுக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. போலந்தில் பிறந்து, இஸ்ரேலில் வேலை பார்த்த இதய மருத்துவர். அவருடைய மூத்த சகாவுக்குக் கீழறைத் துடிப்புக் கோளாறு இருந்தது. மருத்துவமனையை விட்டால் உதவிக்கு ஆளில்லை. அதற்காகக் காலம் முழுக்க மருத்துவமனையிலேயே கிடக்கவும் முடியாது. 1966-ல் அவர் இறந்துபோனார். மிரோவ்ஸ்கி பால்டிமோருக்குப் போய், மார்ட்டன் மோவர் என்ற மருத்துவரோடு சேர்ந்து, அறைக்குள் நிற்கும் இயந்திரத்தைக் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்க முயன்றார். பெயர் பெற்ற நிபுணர்களே இதை எதிர்த்தார்கள். 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. சுருக்கமாக ஐசிடி என்கிறார்கள்.

இன்றைய ஐசிடி, காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி ரத்தநாளத்தின் வழியே இதயத்தின் வலது கீழறைக்குப் போகும். சிலருக்குக் கம்பியையும் தோலுக்கடியிலேயே வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அது இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும். தாளம் கெட்டது உறுதியானால் மின்சாரத்தைச் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அடிக்கும். நினைவோடு இருக்கும்போது அடி வாங்கியவர்கள், குதிரை நெஞ்சில் உதைத்ததுபோல் இருந்தது என்கிறார்கள்.

இங்கேதான் விளையாட்டு வீரனின் சிக்கல் வருகிறது. முழு வேகத்தில் ஓடும்போது அவன் இதயம் நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டும். இது ஆரோக்கியமான ஓட்டமா, சாவின் ஓட்டமா என்று கருவி பிரித்தறிய வேண்டும். தவறினால், ஒரு பிழையும் இல்லாத இதயத்தை மைதானத்தின் நடுவே உதைக்கும். போதாததற்கு, கால்பந்தில் நெஞ்சோடு நெஞ்சு மோதுவார்கள். கம்பி தேயலாம், முறியலாம்.

மருத்துவர்கள் வெகுகாலம் 'வேண்டாம்' என்று சொன்னதற்குக் காரணம் இவைதான். 2005-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், ஐசிடி உள்ளவர்கள் கோல்ஃப், பௌலிங் போன்ற மிக லேசான விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்றது. அந்த லேசான வகைப் பட்டியலில் கிரிக்கெட்டும் இருந்தது! பட்டியல் போட்டவர்கள் வேகப்பந்து வீச்சாளர் எவரையும் பார்த்ததில்லை போலும்.

இந்தத் தடை அனுபவ அறிவில் போட்டதே தவிர, கணக்குப் பார்த்துப் போட்டதல்ல. யேல் பல்கலைக்கழக மருத்துவர் ரேச்சல் லாம்பர்ட் கணக்குப் பார்த்தார். சொல்பேச்சுக் கேட்காமல் ஐசிடியோடு ஆடிக்கொண்டிருந்த 372 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பயிற்சியிலோ போட்டியிலோ கருவி அடித்திருந்தது. சும்மா இருந்தபோது அடி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் துடிப்புக் கோளாறால் விளையாட்டின்போது ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க வழிகாட்டுதல் இளகியது. 'கூடாது' என்ற சொல் போய், 'மருத்துவரும் வீரரும் பேசி முடிவெடுக்கட்டும்' என்ற இடத்துக்கு வந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அந்த 372 பேரும் ஆட முடியும் என்று தாங்களே நம்பி ஆடியவர்கள். முடியாது என்று ஒதுங்கியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியானால் இத்தாலி பழைய பஞ்சாங்கமா? இல்லை. போட்டிகளில் ஆடும் ஒவ்வொருவரும் இசிஜி உட்பட உடற்பரிசோதனை செய்தாக வேண்டும் என்று 1982-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு அது. வெனெட்டோ மாநிலத்தில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதயச் சாவு, ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 என்று இருந்தது, கால் நூற்றாண்டில் 0.4 ஆக இறங்கியது. தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் மருத்துவர், விபரீதம் நடந்தால் அங்கே நீதிமன்றத்தில் நிற்கவேண்டியிருக்கும். இத்தனை உயிரைக் காத்த ஒரு முறை, எரிக்சன் ஒருவருக்காக வளையாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அமெரிக்காவிலும் வேறு ரூபத்தில் இது நடந்தது. பள்ளிப் பருவத்தில் ஆடும்போது விழுந்து, பிழைத்து, ஐசிடி பொருத்திக்கொண்ட கூடைப்பந்து வீரர் ஒருவருக்கு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் உதவித்தொகையைக் கொடுத்தது, களத்தைக் கொடுக்கவில்லை. ஆடலாம் என்று சொல்லும் மருத்துவர்களை அவர் கூட்டிவந்தார். 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நியாயமான மருத்துவ ஆதாரம் இருந்தால் முடிவெடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே என்றது.

பயப்படுகிறவர்கள் மனதில் ஹாங்க் கேதர்ஸ் இருப்பார். லயோலா மேரிமௌன்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரம். ஒரே பருவத்தில் புள்ளிகளிலும் பந்தைப் பிடிப்பதிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். 1989 டிசம்பரில் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். துடிப்புக் கோளாறு என்று கண்டறிந்து ப்ராப்ரனலால் மாத்திரை கொடுத்தார்கள். அட்ரினலின் சொல்வதை இதயத்தின் காதில் விழாமல் தடுக்கும் மருந்து அது. எவ்வளவு ஓடினாலும் இதயம் ஓரளவுக்கு மேல் வேகமெடுக்காது. நோயாளிக்கு அது காவல், ஆட்டக்காரனுக்குக் காலில் கட்டிய கல். தன் ஆட்டம் மந்தமாகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார், மாத்திரையின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1990 மார்ச் 4 அன்று, பந்தை வளையத்துக்குள் அறைந்துவிட்டுத் திரும்பியவர் விழுந்தார். எழவில்லை. வயது 23.

எரிக்சனும் கேதர்ஸும் எடுத்தது ஒரே முடிவு என்று தோன்றும். அப்படியில்லை. கேதர்ஸ், வேலை செய்துகொண்டிருந்த காவலைத் தளர்த்திவிட்டு ஆடினார். எரிக்சன் காவலை உள்ளே வைத்துக்கொண்டு, மருத்துவர்கள் ஒவ்வொரு சோதனையாக முடித்துச் சம்மதம் சொன்னபின் ஆடினார்.

காவல் போதாத நோய்களும் உண்டு. ஏஆர்விசி என்று ஒரு பரம்பரை நோய். இதயத் தசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதங்கள் பலவீனமாக இருக்கும். கடும் பயிற்சியில் வலது கீழறை விரியும்போதெல்லாம் அந்தப் பிணைப்பு அறும். செத்த செல்களின் இடத்தில் கொழுப்பும் தழும்பும் வந்து சேரும். இங்கே ஓட்டமே நோயை வளர்க்கிறது. ஐசிடி தாளத்தைச் சரிசெய்யும், கிழியும் தசையைத் தைக்காது. இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஜேம்ஸ் டெய்லருக்கு 2016 ஏப்ரலில் இந்த நோய் தெரியவந்தது. 26 வயதில் மட்டையைக் கீழே வைத்தார். அவருக்கு எரிக்சனைவிடத் துணிச்சல் குறைவு என்று யாராவது சொன்னால், சொன்னவருக்கு இதயம் பற்றி ஒன்றும் தெரியாது. திரும்பி வருவதை மட்டுமே வீரம் என்று எழுதும் நம் விளையாட்டுப் பக்கங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஐசிடியோடு ஆடுவது எப்படியிருக்கும் என்று அறிய நெதர்லாந்தின் டேலி பிளிண்டைப் பார்க்கலாம். 2019 கடைசியில் இதயத் தசை அழற்சி கண்டறியப்பட்டு ஐசிடி பொருத்திக்கொண்டவர். 2020 ஆகஸ்டில் ஒரு நட்பு ஆட்டத்தில் கருவி இயங்கியது. நெஞ்சைப் பிடித்தபடி தரையில் சரிந்தவர், எழுந்து தானே நடந்து வெளியேறினார். பிறகும் ஆடினார். பழைய சகாவான எரிக்சன் விழுந்த மறுநாளே அவருக்கு ஒரு ஆட்டம் இருந்தது. ஆடுவதா வேண்டாமா என்று தவித்து, ஆடி, கண்ணீரோடு வெளியே வந்தார்.

எரிக்சன் 2022 மார்ச் 29 அன்று பார்க்கனுக்குத் திரும்பினார். விழுந்த அதே மைதானத்தில், அணித் தலைவராக, கோலும் போட்டார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் இன்னொன்று.

ஆனால் ஆடுவதா வேண்டாமா என்று யோசிக்கும் பாக்கியமே, முதல் நிமிடத்தில் அவர் நெஞ்சில் கை வைத்தவர்களால் வந்தது. அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை கரைந்துபோகும். கார்டியாக் அரெஸ்டில் விழுந்தவரின் கைகால் சில நொடி வெட்டி இழுப்பதுண்டு. நம் ஊரில் வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைத் தேடுகிறோம். அப்படி ஒருவர் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், சீராக மூச்சும் விடவில்லையென்றால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.