ஒரு சந்தாவுக்கு 22 செடி

மாதம் 250 கிராம் வறுத்த காப்பிக் கொட்டை வீடு தேடி வரும் சந்தா, ஆண்டுக்கு 3 கிலோ. வறுக்கும்போது எடை சுமார் 16 சதவீதம் குறைகிறது. எனவே பச்சைக் கொட்டையாக 3.57 கிலோ வேண்டும். 1 கிலோ பச்சைக் கொட்டைக்கு ஏறத்தாழ 6 கிலோ அராபிகா பழம். அதாவது ஒரு சந்தாதாரருக்காகப் பறிக்க வேண்டியது 21.4 கிலோ பழம். இந்திய அராபிகாவின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 430 கிலோ பச்சைக் கொட்டை. ஹெக்டேருக்கு 2,700 செடி என்று கொண்டால் செடிக்கு 159 கிராம். ஆக, ஒரு சந்தாவுக்கு 22 செடி. ஒரு ஹெக்டேருக்கு 120 சந்தா. (சிக்கரி கலந்து குடிப்பவருக்கு இது இளகும்: 70:30 கலவையில் 16 செடி போதும். சட்டம் சிக்கரியை 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது.)

பருவந்தோறும் கலவையை மாற்றி அனுப்பும் இந்தச் சந்தாக்கள் 'சிறு விவசாயிகளிடமிருந்து' என்று விளம்பரம் செய்கின்றன. காப்பி வாரியத்தின் கணக்கில் 10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் வரை சிறு தோட்டம்தான். தஞ்சாவூர் நெல் விவசாயி இதை ஒப்புக்கொள்ளமாட்டார். இந்த வரையறைப்படி நாட்டின் காப்பித் தோட்டங்களில் 98 சதவீதத்துக்கு மேல் சிறு தோட்டங்கள். விளைச்சலில் அவற்றின் பங்கு 70 சதவீத அளவில். எனவே 'சிறு விவசாயி' என்ற சொல் மட்டும் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. 2 ஹெக்டேரா, 9 ஹெக்டேரா என்று கேட்பதே பயன் தரும்.

இந்தியாவின் ஆண்டு விளைச்சல் 3.6 லட்சம் டன் அளவில். கர்நாடகம் சுமார் 70 சதவீதம், கேரளம் 20, தமிழ்நாடு 5. தமிழ்நாட்டின் சுமார் 18,000 டன்னில் பெரும்பகுதி அராபிகா. தாண்டிக்குடி, பண்ணைக்காடு சூழ்ந்த கீழ்ப்பழனி மலையும் ஏற்காடும் அதன் முக்கிய இடங்கள். அங்கே காப்பிக்கு நடுவே மிளகும் மலைவாழையும் ஆரஞ்சும் நிற்பதால், காப்பிக் கணக்கு குடும்பக் கணக்கின் ஒரு பகுதி மட்டுமே. 1,000 சந்தாதாரர் உள்ள ஒரு நிறுவனம் வாங்கக்கூடியது 3.57 டன். தமிழ்நாட்டு விளைச்சலில் அது 0.02 சதவீதம்.

இனி வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. சந்தைவிலை கிலோவுக்கு ₹600, சந்தா நிறுவனம் தருவது ₹700 என்று வைப்போம். ₹100 கூடுதல் தாராளமாகத் தெரிகிறது. ஆனால் சிறப்புத் தரத்துக்குத் தேறுவது விளைச்சலில் 30 சதவீதம் என்றால், ஹெக்டேருக்கு 430 கிலோவில் 129 கிலோவுக்கு மட்டுமே அந்த விலை. கூடுதல் வரவு ₹12,900. மீதி 301 கிலோ பழைய சந்தைக்கே போகிறது. மொத்த விளைச்சலில் பரப்பிப் பார்த்தால் கூடுதல் கிலோவுக்கு ₹30.

அந்த ₹30-ம் முழுதாக நிற்பதில்லை. நன்கு சிவந்த பழத்தை மட்டும் பொறுக்கிப் பறித்தால் வேகம் குறையும். நாள்கூலி ₹500, சாதாரணப் பறிப்பில் ஒருவர் நாளுக்கு 40 கிலோ, பொறுக்கிப் பறித்தால் 25 கிலோ என்று கொண்டால், பழம் கிலோவுக்குக் கூலி ₹12.50-லிருந்து ₹20 ஆகிறது. 6 கிலோ பழத்துக்கு, அதாவது 1 கிலோ பச்சைக் கொட்டைக்கு, ₹75 ஆக இருந்த செலவு ₹120. கூடுதல் ₹100-ல் ₹45 கூலிக்குப் போய்விட்டது. ஹெக்டேருக்கு நிகர மிச்சம் 129 × ₹55 = ₹7,095. 2 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ₹14,190.

சந்தைவிலையின் ஆட்டத்துக்கு முன் இது சிறு தொகை. நியூயார்க் சந்தையில் அராபிகா 2019-ல் பவுண்டுக்கு 90 சென்ட் அளவுக்கு இறங்கியது. 2025 பிப்ரவரியில் 4.20 டாலரைத் தாண்டியது. கிலோவுக்குச் சொன்னால் 1.98 டாலரிலிருந்து 9.26 டாலர், நாலரை மடங்குக்கு மேல். 'ஃபேர்டிரேட்' அமைப்பின் குறைந்தபட்ச விலை 2019-ல் பவுண்டுக்கு 1.40 டாலர், அன்றைய அடிவிலையைவிட 56 சதவீதம் அதிகம். 2023-ல் அதை 1.80 டாலராக உயர்த்தினார்கள்; 2025 பிப்ரவரியின் சந்தைவிலையில் அது பாதிகூட இல்லை. நிலையான கூடுதல் தொகை விலை சரியும் ஆண்டில்தான் எடை பெறுகிறது: ₹250 சந்தையில் ₹100 என்பது 40 சதவீதம், ₹600 சந்தையில் 17 சதவீதம்.

பருவம் என்ற சொல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. அராபிகா பறிப்பு பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரி, பழனி மலையில் அதற்குப் பிறகும். உலர்த்தி, ஓட்டோடு ஆறவைத்து, க்யூரிங் ஆலையில் ஓடு நீக்கி வர மார்ச் ஆகலாம். தீபாவளிக்கு வரும் 'புது அறுவடை'க் கலவை முந்தைய பருவத்துக் கொட்டைதான். பறித்து எட்டு ஒன்பது மாதமாவது ஆகியிருக்கும். நன்றாகச் சேமித்திருந்தால் சுவையில் குறை சொல்ல முடியாது. பெயரில் சொல்லலாம்.

விவசாயிக்குப் பணம் தேவைப்படுவதோ பறிப்புக்கூலி கொடுக்கும் மாதங்களில். சந்தாப் பணம் 12 மாதமாகச் சொட்டுகிறது. இடைவெளியை யாராவது சுமக்க வேண்டும். ₹700-ஐப் பிப்ரவரியில் கொடுத்துவிட்டால் சராசரியாக 6 மாதம் முடங்குகிறது. 12 சதவீத வட்டியில் கிலோவுக்கு ₹42. 250 கிராம் பொட்டலத்துக்கு (298 கிராம் பச்சைக் கொட்டை) ₹12.50. பொட்டலம் ₹600 என்றால் அது 2.1 சதவீதம். அதே பொட்டலத்தில் விவசாயியின் பங்கு ₹208, ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக ₹28.60.

ஆகவே வட்டி பெரிதல்ல, முதல்தான் பெரிது. 1,000 சந்தாவுக்கு 3,570 கிலோ, ₹25 லட்சம், ஒரே தவணையில். மாத வசூலோ வரி போக ₹5.71 லட்சம், நாலு மாதத்துக்கு மேற்பட்ட வசூல் முழுதும் கொட்டைக்கே போக வேண்டும். ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் ஒருவரிடமிருந்து வரி போக ₹6,857 வரும். 1,000 பேரில் 365 பேர் பிப்ரவரியில் அப்படிக் கட்டினால் அந்த ₹25 லட்சம் கடன் இல்லாமல் தேறிவிடும்.