மனைவியை வழியனுப்பிய மகாத்மா!

22-2-1944. அன்று மகா சிவராத்திரி.

புனா நகரில் (இன்றைய புனே) ஆகாகான் மாளிகை. பெயர்தான் மாளிகை. சுற்றிலும் முள்கம்பி வேலி. வாசலில் காவல். காந்தி அடிகளும் அவர் மனைவி கஸ்தூரிபாயும் அங்கே கைதிகள்!

மாலை 7-35 மணி. கணவரின் மடியிலேயே கஸ்தூரிபாய் கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 74.

சண்டையும் உண்டு

இருவரும் போர்பந்தரில் பிறந்தவர்கள். 1883-ல் கல்யாணம் நடந்தபோது காந்திக்கு வயது 13. கஸ்தூரிபாய் சில மாதம் மூத்தவர்.

எல்லாக் குடும்பங்களையும்போல அங்கும் சண்டை இருந்தது. தென் ஆப்பிரிக்காவில் ஒரு நாள், காந்திக்குக் கோபம் தலைக்கேறியது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்துப்போய், வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டார். அதை மறைக்காமல் சுயசரிதையில் எழுதினார். அகிம்சையை மனைவியிடம்தான் கற்றதாகவும் பிற்காலத்தில் சொன்னார்.

கஸ்தூரிபாய் பள்ளிக்கூடம் போகாதவர். ஆகாகான் மாளிகையில் 70 வயதுக்குமேல் அவர் மாணவி ஆனார். ஆசிரியர் யார்? கணவர்தான்! எழுத்தும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தார்.

"ஊசி வேண்டாம்"

கஸ்தூரிபாயின் இருதயம் பலவீனமாயிற்று. சளிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. தாயைக் காப்பாற்ற மகன் தேவதாஸ் துடித்தார். அப்போது புதிதாக வந்திருந்த பென்சிலின் மருந்து, விமானத்தில் வந்து சேர்ந்தது.

சில மணிக்கு ஒரு தடவை ஊசி குத்தவேண்டும் என்று தெரிந்ததும் காந்தி தயங்கினார். போகப்போகிற உயிரை நோகடிக்க வேண்டாம் என்றார். மகன் எவ்வளவோ வாதாடினார். கடைசியில் தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்.

கணவர் நூற்ற நூல்

மறுநாள் மாளிகைத் தோட்டத்திலேயே தகனம். பொதுமக்களை அரசாங்கம் விடவில்லை. உறவினரும் நண்பர்களும் மட்டும் வந்தார்கள்.

காந்தி அடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடவையை கஸ்தூரிபாய்க்கு உடுத்தினார்கள். ஏழைக்குச் சந்தனக்கட்டை எதற்கு என்று காந்தி கேட்டார். சிறை அதிகாரி, "கட்டை ஏற்கனவே இருக்கிறது" என்றார். 1943-ல் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணி வாங்கி வைத்தது அது! கணவருக்காக வாங்கிய கட்டை, மனைவியின் சிதைக்குப் போயிற்று.

தேவதாஸ் கொள்ளி வைத்தார். காந்தி ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. உள்ளே போய்ப் படுக்கும்படி எல்லோரும் கெஞ்சினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை ஆண்டு கூட வாழ்ந்தவளைக் கடைசி நேரத்தில் எப்படி விட்டுப் போவேன் என்று கேட்டார். சிதை அடங்கும்வரை அங்கேயே இருந்தார்.

சாம்பலை எடுத்தபோது, கஸ்தூரிபாயின் கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடந்தன.

மீண்டும் ஒரு விடை

6-5-1944. காந்தி அடிகளுக்கு விடுதலை! சிறை வாசல் திறந்தது. ஆனால் அவர் நேரே வாசலுக்குப் போகவில்லை. முதலில் மனைவியின் சமாதிக்குப் போனார். பூ வைத்து வணங்கினார். பிறகுதான் வெளியே வந்தார்.

இருவராகச் சிறையில் இருந்தவர், ஒருவராகத் திரும்பினார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் 22-ந்தேதி மனைவியை நினைத்துப் பிரார்த்தனை செய்தார்.

அந்தச் சமாதி இன்றும் ஆகாகான் மாளிகைத் தோட்டத்தில் இருக்கிறது.

நாட்டுக்கே தைரியம் சொன்னவர் அவர். ஆனாலும் மனைவியின் சிதையைவிட்டு அவரால் எழுந்து போக முடியவில்லை!