துடிக்கும் இதயத்தை அளப்பது எப்படி?

இதய வருத்தக்காரர் உள்ள வீடுகளில் "ஈ.எப்." என்ற சொல் இப்போது எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் கண் தேடுவது அந்த இலக்கத்தைத்தான். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடமும் கொண்டுவந்து காட்டுவார்கள். "போன வருசம் 42, இந்த முறை 49. வாப்பாக்கு சுகமாகிட்டுதானே, இனி குளிசையக் கொஞ்சம் குறைச்சா என்ன?" நான் வைத்தியன் அல்ல, குளிசை பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் 42க்கும் 49க்கும் இடையிலுள்ள அந்த 7 உண்மையான மாற்றமா, அளவீட்டின் வழுவா என்பது என் பாடத்துக்குள் வருகிற கேள்வி.

முதலில் அந்த இலக்கம் என்ன? இடது இதயவறை நிரம்பி நிற்கும்போது அதில் 120 மில்லிலீற்றர் குருதி இருக்கிறது என்று வைப்போம். சுருங்கி முடிந்ததும் 50 மிச்சம். வெளியே போனது 70. 120இல் 70 என்பது ஏறத்தாழ 58 வீதம். இதுதான் ஈ.எப். ஆரோக்கியமான இதயமும் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. "60 வீதந்தான் வேலை செய்யுதாம், மிச்சம் 40 பழுதாப்போச்சாம்" என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். 60 நல்ல இலக்கம்!

இந்த 120ஐயும் 50ஐயும் யாரும் கோப்பையில் ஊற்றி அளக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் படத்திலிருந்து கணிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். அறபியில் இதயத்துக்குச் சொல்லும் "கல்ப்" என்ற சொல், திரும்புதல், புரளுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஒரு நிலையில் நில்லாதது. இப்னு அந்நபீஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே குருதி நுரையீரல் வழியாகச் செல்வதை விளக்கியதை நமது வாசகர்கள் அறிவார்கள். அவர் சொன்னது குருதியின் பாதையை. அசைவைப் பிடிப்பது வேறு பிரச்சினை. 1628இல் இதயத்தின் இயக்கம் பற்றி நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வியே, அதன் வேகத்தைக் கண்டு, இதை இறைவன் மட்டும்தான் விளங்கிக்கொள்ள முடியுமோ என்று முதலில் எண்ணியதாக எழுதுகிறார். பிறகு அவர் என்ன செய்தார்? தவளை, பாம்பு, மீன் போன்ற குளிர்க்குருதிப் பிராணிகளையும் இறந்துகொண்டிருந்த விலங்குகளையும் பார்த்தார். அவற்றில் துடிப்பு மெதுவானது. கண்ணால் பின்தொடர முடிந்தது.

எக்கோவின் பிறப்பு சுவீடனின் லுண்ட் நகரில், 1953இல். இங்கே எட்லர் என்ற இதய வைத்தியரும் ஹெல்முத் ஹேர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தில் வெடிப்புத் தேடப் பயன்படும் கழியொலிக் கருவி ஒன்றை நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். கப்பல் கட்டும் தளத்துக் கருவி மனித இதயத்துக்கு வந்த கதை இது.

ஆரம்பத்தில் கிடைத்தது ஒரே கோட்டின் வழியே வரும் எதிரொலி மட்டும். அதிலிருந்து இதயவறையின் விட்டத்தை எடுத்து, அதைக் கனப்படுத்திக் கனவளவைக் கணித்தார்கள். இங்கேதான் வழு பெருகுகிறது. கணக்கைப் பாருங்கள். விரிந்த நிலையில் விட்டம் 5.0 சென்ரிமீற்றர், கனம் 125. சுருங்கிய நிலையில் 4.0, கனம் 64. ஈ.எப். 49 வீதம். சுருங்கிய விட்டத்தை 2 மில்லிமீற்றர் கூட்டி 4.2 என்று அளந்துவிட்டால் கனம் 74, ஈ.எப். 41. பேனா முனையளவு இடறல், இலக்கத்தில் 8 குறைவு!

இப்போது பெரும்பாலும் இரண்டு கோணங்களில் அறையின் விளிம்பை வரைந்து, மெல்லிய தட்டுகளை அடுக்கியதுபோலக் கனவளவைக் கூட்டுகிறார்கள். இது நல்ல முறை. ஆனாலும் கருவியைப் பிடித்த சாய்வு சற்று மாறினால் இதயத்தின் நுனி படத்தில் வராது. அறை உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். எந்தக் கணத்தின் படத்தை "முழுதாகச் சுருங்கியது" என்று எடுப்பது என்பதிலும் ஆளுக்காள் வித்தியாசம். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பிலும் ஈ.எப். வேறு, அதனால் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். சனம் நிறைந்த கிளினிக் நாளில் அதற்கு நேரம் கிடைப்பது கஷ்டம்தான்.

மற்றக் கருவிகளுக்கும் இதே தலையிடி. சீ.ரி. ஸ்கேனில் இதய நாடிகளைப் படம் எடுக்குமுன் துடிப்பைக் குறைக்கக் குளிசை கொடுப்பது, ஹார்வி செய்ததன் இன்றைய வடிவம். எம்.ஆர்.ஐ. வேறு வழியில் போகிறது. ஈ.சீ.ஜீ.யைக் கடிகாரமாக வைத்து, பல துடிப்புகளின் துண்டுகளைப் பொருத்தி ஒரு துடிப்பின் படத்தை உருவாக்குகிறது. மூச்சைப் பிடிக்கச் சொல்வது அதற்காகத்தான். நெஞ்சு ஏறி இறங்கினால் துண்டுகள் பொருந்தா. நுரையீரலின் கீழ்ப்பகுதியில் உள்ள கட்டி மூச்சோடு ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் நகரக்கூடும் என்பதால், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டமிடுவோர் அந்த அசைவையும் அளக்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த 7க்கு வருவோம். வழமையான எக்கோவில் ஒரே நோயாளியை இருவர் அளந்தால், அல்லது ஒருவரே இன்னொரு நாள் அளந்தால், 5 முதல் 10 வரை வித்தியாசம் வருவது புதினமில்லை. ஆகவே 42, 49 ஆனதை மட்டும் வைத்துச் சுகமாகிட்டுது என்று சொல்ல முடியாது. இறங்கினாலும் அப்படித்தான், உடனே பயந்துபோகவும் தேவையில்லை. ஆனால் வைத்தியத் தீர்மானங்கள் சில 35, 40, 50 என்ற எல்லைகளில் நிற்பதால் இந்த வழு சின்ன விசயமல்ல. மார்புப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் மருந்து பெறும் பெண்களுக்கு இடைக்கிடை எக்கோ எடுக்கிறார்கள். இலக்கம் தவறாக இறங்கித் தெரிந்தால், தேவையான மருந்தே நிறுத்தப்படலாம்.

இலக்கம் உண்மையாகவே கூடியிருந்தாலும் குளிசையைத் தானாகக் குறைப்பது ஆபத்து. 2019இல் லான்செட் சஞ்சிகை வெளியிட்ட பிரித்தானிய ஆய்வொன்றில், இதயம் பெருத்துப் பலவீனமாகி, பின் மருந்தால் ஈ.எப். வழமைக்குத் திரும்பிய 51 பேர் பங்கேற்றனர். மருத்துவர்களின் கண்காணிப்பில் மருந்து நிறுத்தப்பட்ட 25 பேரில் 11 பேருக்கு 6 மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து குடித்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் காலத்தில் திரும்பவில்லை.

என்னிடம் அறிக்கை கொண்டுவருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: பழைய அறிக்கைகளை எறியாதீங்க, எல்லாத்தையும் கிளினிக்குக்குக் கொண்டு போங்க. முடிஞ்சா ஒரே இடத்தில, ஒரே முறையில எடுங்க. அளக்கும்போது துடிப்பு ஒழுங்கா இருந்ததா, படம் தெளிவா வந்ததா என்று சில அறிக்கைகளில் ஒரு வரி இருக்கும். இலக்கத்துக்கு மேலேயோ கீழேயோ, சின்ன எழுத்தில்.