‘செலக்ட் ஆகலைம்மா!’

"டான்ஸுக்கு என்னைச் சேர்த்துக்கலைம்மா. குண்டா இருக்கேனாம்!"

டி.வி.யில் பாலே படம் பார்த்து நுனிக்காலில் ஆடிப் பழகிய காரைக்கால் பெண்ணுக்கு வயது பதினாலு. அழுதவள், ராத்திரி சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டாள். அம்மாக்களே, கவனம்! ஆபத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவளுக்கு ருக்மிணி தேவி அருண்டேல் கதையைச் சொல்லுங்கள். ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி அவர் பாலே கற்க ஆரம்பித்தபோதே இருபது வயது தாண்டிவிட்டது. சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி பாவ்லோவாவே சொன்னார். நம் டெல்டாவின் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, ‘குடும்பப் பெண் ஆடலாமா?’ என்ற எதிர்ப்பையும் மீறி, 1935-ல் அடையாறில் மேடையேறியபோது வயது 31! மறு வருஷமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கிவிட்டார்.

பட்டினி கிடந்து ஆடினால் மாதவிலக்கு நின்றுபோகலாம். எலும்பு பலவீனமாகி விரிசலும் விடலாம். மூன்று மாதம் விலக்காகாவிட்டாலோ, கால் வலி நீடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வளரும் பெண்ணுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டோடு பால், கேழ்வரகு, கீரை, முட்டை அல்லது மீன் அவசியம்.

எடையைப் பற்றி நீங்களும் குத்திக்காட்டாதீர்கள். "அடுத்த வருஷம் ஆடலாம். இப்ப சாப்பிட வாடி, கண்ணு" என்று பக்கத்தில் உட்காருங்கள். பாதி மருந்து அதுதான்!