பைக்குள் பொதிந்த பசி

பச்சை எழுத்தில் 'மக்கும்' என்று அச்சடித்த ஒரு பையைக் காய்கறித் தோலோடு சேர்த்து மாடித் தொட்டியில் புதைத்து வைத்தேன். எட்டு மாதம் கழித்துக் கிளறினால் தோலெல்லாம் உரமாகியிருந்தது. பை மட்டும் எழுத்துகூட அழியாமல் வந்தது.

பையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ரகப் பைகளில் சேரும் பாலிலாக்டிக் அமிலம் சோள மாவுச்சத்திலிருந்து வருவது; மக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு ஐம்பது, அறுபது டிகிரிச் சூடு வேண்டும். பெரிய உரக்கிடங்குகளில் அது உண்டு. என் தொட்டிக்கு ஏது?

பிளாஸ்டிக்கைத் தின்னும் நொதியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால்? கேட்க எளிது. நொதி என்பது புரதம். சரியாக மடிந்திருக்கும்வரைதான் அதற்கு வேலை ஓடும். தண்ணீரில் பழகிய அதைப் பிளாஸ்டிக்கில் கலந்தால் ஒன்று மடிப்பு குலையும், இல்லையென்றால் கூழில் கரையாத மாவுக்கட்டி மாதிரி திரண்டு நிற்கும். திரண்ட நொதி அங்கங்கே அரித்துவிட்டு, மிச்சத்தை நுண்துகளாக விட்டுவிடும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிங் ஷூவின் குழு இதற்கு ஒரு போர்வை நெய்தது. நான்கு வகை மூலக்கூறுகளை வரிசை பார்க்காமல் கோத்த செயற்கைப் பாலிமர் அது. இரண்டு வகை தண்ணீரை ஒதுக்கும், ஒன்று தண்ணீரோடு சேரும், இன்னொன்றில் மின்னேற்றம் உண்டு. புரதத்தின் மேற்பரப்பும் இப்படித் திட்டுத்திட்டானதுதான். அதனால் இந்தச் சங்கிலி பொருந்துகிற இடத்திலெல்லாம் பற்றிக்கொண்டு நொதியைப் போர்த்திவிடுகிறது. அணுவுக்கு அணு ஒழுங்கு பார்க்கும் வேதியியலில் இந்தத் தாறுமாறு ஜெயித்ததை நான் ரொம்பவே ரசித்தேன்.

2021இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. பாலிகாப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்குக்குள் லைப்பேஸைப் போர்த்தி வைத்தார்கள். நம் குடலில் கொழுப்பை வெட்டும் நொதியின் இனம்தான் லைப்பேஸ். கொழுப்பிலும் இந்தப் பிளாஸ்டிக்கிலும் இருப்பது ஒரே எஸ்டர் பிணைப்பு. உருக்கிப் பிழிந்தபோதும் நொதி செத்துவிடவில்லை. 40 டிகிரி வெந்நீரில் போட்டதும் விழித்துக்கொண்டது. சங்கிலியின் நுனியைப் பிடித்தால் நடுவில் விடுவதில்லை, நறுக்கிக்கொண்டே போகிறது. இரண்டு நாளில் பிளாஸ்டிக் காணாமல் போனது. 98 சதவீதம் வரை சிறு மூலக்கூறுகளாகிவிட்டது. பாலிலாக்டிக் அமிலத்துக்கு வேறொரு நொதி, 50 டிகிரி, ஆறு நாள்.

கொஞ்ச நேர ஈரத்துக்கெல்லாம் நொதி வைத்த பிளாஸ்டிக் கரைந்துவிடாது. ஆனால் பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகும். சூடான சாம்பாரைப் பார்சல் கட்ட வேறு பை பார்க்க வேண்டும்.