உங்களுக்குத் தெரியுமா? பறை ஏந்திய பெண்கள்

காலங்காலமாகப் பெரும்பாலும் ஆண்களே அடித்துவந்த பறையை, திண்டுக்கல்லில் தலித் இளம்பெண்கள் தோளில் மாட்டித் தெருவில் இறங்கினார்கள். 1990இல் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் குழு அது. இழிவென்று சுமத்தப்பட்ட அதே கருவியைத் தேர்ந்தெடுத்ததுதான் பெருந்துணிச்சல்.

• ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறுகையில் குட்டையான தடித்த குச்சி. அடித்துக்கொண்டே ஆட வேண்டும். தோல் தளர்ந்தால் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள்.

• ஆட்டத்தில் பேசுவது: சாதிக் கொடுமை, பெண்கள் மீதான வன்முறை. பள்ளியை விட்டு நின்ற பெண்கள் இங்கே தையலும் கற்கிறார்கள்.

• இவர்களைப் பற்றிய ஆவணப்படம் ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’. எடுத்தவர் அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன்.