சுவருக்குள் ஓடும் ஒயருக்குப் புது விதி தெரியாது

மெஷினில் கை வைத்தால் சுர்ரென்கிறது என்று பட்டறையில் ஒருவர் சொன்னால், "செருப்பைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாரு" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறையோ வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லோ, எங்கே நடந்தாலும் அந்தச் சுர் ஓர் எச்சரிக்கை. மெஷினின் உடம்பில் கரண்ட் கசிகிறது. ஈரக் கையோ வெறுங்காலோ சேர்ந்தால் அதே கசிவு உயிரை எடுத்துவிடும்.

விதிகள் எப்படி மாறின?

நெடுங்காலம் நாம் பின்பற்றியவை 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். 2010-இல் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. 2023-இல் அவற்றையும் மாற்றி வெளியிட்டது. இந்தியத் தரங்களும் (ஐ.எஸ்.) புதுப்பிக்கப்பட்டன. எர்த்துக்கான ஐ.எஸ். 3043, 1987-க்குப் பின் 2018-இலும், ஒயரிங்குக்கான ஐ.எஸ். 732, 1989-க்குப் பின் 2019-இலும் திருத்தப்பட்டன. பேனல் போர்டுக்கு முன்னால் விரிக்கும் ரப்பர் பாய்க்குக்கூட ஐ.எஸ். 15652 என்ற தரம் 2006-இல் வந்தது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு அந்த வேலையைச் செய்யாது.

விதி மாறினாலும், அப்பா காலத்தில் இழுத்த ஒயர் அப்படியேதான் இருக்கும். அதை நாம்தான் மாற்ற வேண்டும்.

எம்.சி.பி. இருந்தால் போதாதா?

போதாது. எம்.சி.பி. காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16,000 மில்லி ஆம்பியர் வரை சும்மா இருக்கும். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். திரும்பும் கரண்ட் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அந்தக் குறைவு யாரோ ஒருவரின் உடம்பு வழியாகக்கூட மண்ணுக்குப் போகலாம். உடனே, கண்ணிமைப்பதற்குள் ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டித்துவிடும்.

எர்த் குழியை மறக்கலாமா?

நம் ஊர் பாறையும் வறண்ட மண்ணும் கலந்த பூமி. ஈரம் வற்றினால் மண் கரண்டை வாங்காது. ஐப்பசி மழையில் நன்றாக இருக்கும் எர்த், சித்திரை வெயிலில் பெயருக்குத்தான் இருக்கும். மின் விநியோகம் செய்பவர் தன் எர்த்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது, கோடையில், மழையில்லாத நாளில் சோதிக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. நாமும் அதே கோடையில் அளந்து பார்ப்பது நல்லது. 3 பேஸ் மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பதையும் அன்றே பாருங்கள்.

என்ன செய்யலாம்?

ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். சித்திரையில் எர்த் அளக்க ஒரு நாள். ஆயுத பூஜைக்கு எப்படியும் மெஷின்கள் நிற்கும். துடைத்துச் சந்தனம் வைப்பதற்கு முன், கருகிய பிளக், தோல் உரிந்த ஒயர், தளர்ந்த முனை எல்லாவற்றையும் பார்க்க இன்னொரு நாள். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் உள்ள ஒயர்மேனையே கூப்பிடுங்கள். இப்போதைய விதியில் என்ன புதிது என்று அவரிடம் கேளுங்கள். வாங்கும் பொருளின் ஐ.எஸ்.ஐ. உரிம எண் உண்மையானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். பார்த்த தேதி, எர்த் அளவு, பார்த்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி போர்டு பக்கத்திலேயே தொங்கவிடுங்கள்.

ஆர்.சி.சி.பி.-யில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். நாளைக் காலை மெஷினை ஓட்டுவதற்கு முன் அதை அழுத்துங்கள். கரண்ட் நின்றால் அது வேலை செய்கிறது. நிற்காவிட்டாலோ, அப்படியொரு பொத்தானே உங்கள் போர்டில் இல்லாவிட்டாலோ, அன்றைய முதல் வேலை ஒயர்மேனுக்குப் போன் போடுவதுதான்.